ரெண்டும் இல்லன்னா

அந்த ஆளுக்கு ஈயம் என்று பேர் வந்ததற்கு ரெண்டு காரணம் சொல்வார்கள். காலையில் ஒன்பது மணிக்குச் சூட்டுக்கோலைக் கையில் பிடித்தால் சாயங்காலம் வரை ஈயக் கம்பியை உருக்கிக்கொண்டே இருப்பான் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவன் வாய். திறந்தால் காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றுகிற மாதிரி இருக்கும். எது முதலில் வந்த காரணம் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. ரெண்டும் உண்மை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பட்டறை என்றால் சம்மட்டி அடிக்கிற இடம் இல்லை. டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற ஒரு நீட்டு அறை. ஏழு மேஜை, ஏழு விளக்கு, ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் முதலாளி பக்கம்தான் திரும்பும். "மெஷினுக்கு மூளை செஞ்சு குடுக்கிறோம்" என்று முதலாளி வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். மூளை என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. அதன் மேல் பதினாலு காலோடு நாலைந்து கறுப்புப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஐசி. ஒவ்வொரு பூச்சியின் வயிற்றுக்குள்ளும் நாலைந்து லாஜிக் கேட்.

முதல் நாள் வேலை கேட்டு வந்தபோது, "கேட் பத்தித் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். "நான் படி வழியா ஏறி வந்தேங்க. கேட் பின்னாடியா இருக்கு?" என்றான் ஈயம். சிரித்து முடித்து வேலை கொடுத்துவிட்டார். சிரிக்க வைக்கிறவன் சம்பளம் அதிகம் கேட்கமாட்டான் என்று நினைத்திருப்பார். அந்தக் கணக்கு தப்பு.

ஈயம் ஏழாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ரேடியோ கடை, சைக்கிள் கடை, சவுண்ட் செட் என்று சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். ஐசியோடு வருகிற இங்கிலீஷ் காகிதத்தை அவனால் படிக்க முடியாது. அதனால் புது ஆளைப் பழகுகிற மாதிரி ஒவ்வொரு பூச்சியையும் பழகினான். ரெண்டு காலில் கம்பி வைப்பான், மூன்றாவது காலில் ஒரு சின்ன சிவப்பு விளக்கை மாட்டுவான். ரெண்டு கம்பியிலும் கரண்ட் கொடுக்காமல் பார்ப்பான். இதில் மட்டும் கொடுப்பான். அதில் மட்டும் கொடுப்பான். கடைசியாக ரெண்டிலும் கொடுப்பான். நாலே நாலு நிலைமை. தலைகீழாக நின்றாலும் ஐந்தாவது கிடையாது. எந்த நிலைமையில் விளக்கு எரிந்தது, எதில் எரியவில்லை என்று சோப்பு டப்பா அட்டையைக் கிழித்து நாலு வரி எழுதி, மேஜைக்கு மேலே ஒட்டிவிடுவான். அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் பட்டறையில் படித்தவர்களும் வேலை செய்தார்கள். வெளியே சொல்லமாட்டார்கள்.

ஆண்ட், ஆர், நாட், நார் என்பதுதான் அந்த கேட்களின் பேர். பட்டறை வாயில் விழுந்து அது ஆண்டு, ஆறு, நாடு, நாரு ஆகிவிட்டது. கீழே டயர் கடைக்காரர் இத்தனை நாளாக மேலே பூகோளப் பாடம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஈயத்தைக் கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவான்.

"ஆண்டு இருக்கானே, கறார் பேர்வழி. பேங்க் லாக்கர் மாதிரி. உன் சாவியும் வேணும், மேனேஜர் சாவியும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் திறக்கமாட்டான். ஆறு இளகின மனசு. பஸ்ல மணி அடிக்கிற பட்டன் மாதிரி, முன்னால இருக்கிறவன் அமுக்குனாலும் சரி, பின்னால இருக்கிறவன் அமுக்குனாலும் சரி, ரெண்டு பேரும் அமுக்குனாலும் சரி, டிரைவருக்கு மணி அடிக்கும். ஒருத்தனும் அமுக்கலைன்னாத்தான் சும்மா இருப்பான். நாடு வீம்புக்காரன். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினா உள்ள ஒரு பட்டன் அமுங்குது, விளக்கு அணையுது. அமுக்காம விட்டா எரியுது. நீ உண்டுன்னா அவன் இல்லைம்பான். நாருன்னா கட்டுற நார் இல்ல. ஆறு சொன்னதை அப்படியே திருப்பிப் போடுறவன். ஒருத்தனும் அமுக்காதப்ப மட்டும் எரிவான். அவ்வளவுதான்யா இந்த வித்தை. இதுக்குப் போய் நாலு வருஷம் காலேஜுக்குப் போறானுங்க."

அத்தோடு விடமாட்டான். "நம்ம பேச்சுலயே எல்லாம் இருக்கு. 'அவனும் இவனும்'னு உம் போட்டா ஆண்டு. 'அவனோ இவனோ'ன்னு ஓ போட்டா ஆறு. ஒரெழுத்து ரெண்டெழுத்துல முடிஞ்ச வேலை." இதைச் சொல்லும்போது ஏதோ அந்த உம்மை அவனே பெற்றெடுத்த மாதிரி முகத்தில் ஒரு பெருமை.

அந்த உம்தான் அவன் கழுத்தைப் பிடித்தது.

அதற்கு முன்னால் அவன் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈயத்தின் சம்சாரத்துக்கு ஒரே தம்பி. பிரிண்டிங் பிரஸ்ஸில் கட்டர். அதாவது அச்சடித்த தாளை அடுக்கி, ஓரத்தைச் சீராக வெட்டுகிற மெஷினில் ஆள். ஆள் நீளமான கத்தி மேலிருந்து இறங்கும். ஐந்நூறு தாள் கட்டை ஒரே இறக்கில் வெண்ணெய் மாதிரி வெட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, "பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவனுக்கா எங்கக்காவைக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டவன் அவன்தான். அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஈயம் செய்து கொடுத்த எதையும் மச்சினன் நல்லது என்று சொன்னதே இல்லை. காலிங் பெல் செய்து கொடுத்தால் ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்பான். ரேடியோவைச் சரி செய்து கொடுத்தால், "முன்னாடி பாட்டுதான் கேக்கல, இப்ப செய்தியும் கேக்கல" என்பான். ஈயமும் லேசுப்பட்டவன் இல்லை. "பேப்பர் வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா? கரையான் அதைச் சம்பளம் இல்லாமச் செய்யுது" என்பான். இந்த லட்சணத்தில் அவன் வேலை செய்கிற மெஷினை ஒரு தடவைகூட ஈயம் போய்ப் பார்த்ததில்லை.

அந்த பிரஸ்ஸின் கட்டிங் மெஷினில் போர்டு புகைந்து போய், பட்டறைக்கு வந்தது. ஐசி மேல் இருந்த நம்பர்கூடத் தெரியாத அளவுக்குக் கரிந்து கிடந்தது. பழசைப் பார்த்துப் புதுசு செய்ய வழி இல்லை. கூடவே பிரஸ் முதலாளியம்மா எழுதி அனுப்பிய ஒரு சீட்டு: "மெஷினில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். ரெண்டு பட்டனும் அமுக்கலன்னா கத்தி இறங்கக் கூடாது."

ஈயம் சீட்டை ஒரு தடவை படித்தான். ரெண்டு பட்டனும் அமுக்காவிட்டால், அதாவது யாருமே எதையுமே தொடாவிட்டால், கத்தி இறங்கக் கூடாது. சரிதானே, தானாக இறங்கினால் அது பேய் மெஷின். அப்படியென்றால் ஏதாவது ஒன்றை அமுக்கினால் இறங்கலாம். ரெண்டு பட்டன் எதற்கு? அதற்கும் அவன் மண்டை உடனே பதில் கொடுத்தது. மச்சினன் இடது கைக்காரன். வலது கைக்காரனுக்கு ஒன்று, இடது கைக்காரனுக்கு ஒன்று! பிரஸ்காரி எவ்வளவு நல்ல மனசுக்காரி என்று நினைத்தான். இளகின மனசுக்கார ஆறு ஐசியை எடுத்தான், சாக்கெட்டில் செருகினான், போர்டு தயார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனே போய் மாட்டினான். வழக்கமாக நாலு நிலைமையையும் சோதிக்காமல் அவன் எந்த போர்டையும் விட்டு எழுந்தது கிடையாது. அன்றைக்கு மச்சினன் பின்னால் நின்றுகொண்டு வறுத்தெடுத்தான்.

"மாமா, ஈயம் பூசிட்டீங்களா? பாத்திரம் பளபளன்னு இருக்கா?"

"வாயை மூடுறா."

"மூடத்தான் போறேன். நீங்க போட்ட போர்டாச்சே, எப்படியும் புகை வரும், மூக்கையும் சேர்த்து மூடிக்கிறேன்."

ஈயத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டனைத் தொடாமல் பார்த்தான், கத்தி இறங்கவில்லை. ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால் ஓங்கி அமுக்கினான், கத்தி இறங்கியது. "போதுமா? வாயைப் பொளந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். நாலு வரியில் நடு ரெண்டு வரியை அவன் பார்க்கவே இல்லை. ஆண்டும் ஆறும் முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். நடு ரெண்டு வரியில்தான் அவர்கள் யாரென்று தெரியும். இதைப் பட்டறையில் ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னவனே அவன்தான்.

மறுநாள் காலையில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஈயம் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரி வாசலில் நின்றான். சம்சாரம் உள்ளே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள், துணி மடித்தால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும்.

"கிளம்பலையா?"

"தம்பி வரலையே. பிரஸ்ல இன்னிக்கு வேலை இருக்காம். புது போர்டு போட்டதுல மெஷின் பிச்சுக்கிட்டு ஓடுதுன்னான்."

ஈயத்துக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "அவன் வரலன்னா என்ன? நான் வந்துட்டேன்ல."

"ஏங்க, நான் அன்னிக்கே சொல்லல? நீங்களும் தம்பியும் வரலன்னா நான் வீடு பாக்கப் போகமாட்டேன்னு?"

"அதையேதான் நானும் சொல்றேன். ரெண்டு பேரும் வராம இருந்தாத்தானே நீ போகக் கூடாது? ஒரு ஆளு முழுசா முன்னால நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?"

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் வந்தாத்தான் போவேன்னு அர்த்தம்."

"அப்ப அப்படிச் சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படித்தானே சொன்னேன்! ரோட்டுல போற யாரை வேணா கூப்பிட்டுக் கேளுங்க. எல்லாருக்கும் அப்படித்தான் புரியும். உங்க ஒருத்தருக்குத்தான் குறுக்கால புரியும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தான் ஈயம். அவள் சொன்னதையே திருப்பி முணுமுணுத்தான். நீங்களும் தம்பியும் வரலன்னா. ரெண்டு பட்டனும் அமுக்கலன்னா. அதே உம். அதே இல்லை. ரோட்டில் போகிற எல்லாருக்கும் ஒரு மாதிரி புரிகிறது, பிரஸ்காரியும் ரோட்டில் போகிறவள்தான். ரெண்டு கையும் ரெண்டு பட்டன் மேல் இருந்தால்தான் கத்தி இறங்கணும். எதற்கு? ரெண்டு கையும் பட்டன் மேல் இருந்தால், கத்திக்குக் கீழே கை இருக்க முடியாது. அதற்குத்தான்யா ரெண்டு பட்டன்! இடது கைக்காரனாம், வலது கைக்காரனாம்!

"தம்பிக்கு போன் போடு. மெஷினை நிறுத்தச் சொல்லு. இப்பவே!"

"என்னாச்சுங்க?"

"போடுன்னா போடு!"

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் எவன் எடுப்பான்? அவளை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, ஈயம் ஸ்கூட்டரை உதைத்தான். அது ஏழாவது உதைக்குத்தான் மனம் இரங்கியது. வழியெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது மச்சினனின் விரல்கள்தான். பதினெட்டு வருஷமாக நீட்டி நீட்டி அவனைக் கிண்டல் செய்த விரல்கள். பத்தும் இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனான். சிக்னலில் நின்றபோது எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து எண்ணினான்.

பிரஸ்ஸுக்குள் ஓடினான். தாள் அடுக்குகளைச் சுற்றி, மை டின்களைத் தாண்டி, கட்டிங் ரூம் வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

மச்சினன் முழுசாக இருந்தான். இடது கை பட்டன் மேல். வலது கை கத்திக்குக் கீழே, தாள் கட்டைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தது. தட்டினான், கையை உருவினான், பட்டனை அமுக்கினான், கத்தி இறங்கியது. தட்டினான், உருவினான், அமுக்கினான். ஒரு பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. ஈயத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாமா! வாங்க வாங்க! உங்க கையைக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கணும்!"

ஈயத்தின் கண் கத்தி மேலேயே இருந்தது.

"இத்தனை வருஷமா ரெண்டு கையையும் பட்டன்ல வச்சுக்கிட்டு, அமுக்கி, விட்டு, தாளைத் தட்டி, மறுபடி அமுக்கின்னு உசிரை விட்டேன். நீங்க ஒத்தக் கையில ஓட விட்டுட்டீங்க! மூணு நாள் வேலை, இன்னிக்கு மத்தியானமே முடிஞ்சிடும். மூளைன்னா மூளை மாமா! நான் ஏதோ சின்னப் புத்தியில இத்தனை நாளா என்னென்னமோ பேசிட்டேன்."

பிரஸ் முதலாளியம்மாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். "ஏம்ப்பா, இவன் நேத்திலேர்ந்து உன் புராணம்தான் பாடுறான். எங்க மாமா மாதிரி உண்டான்னு."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. ஈயத்துக்குக் காது மடல் சூடாகியது. நாலைந்து நொடி அந்தப் பாராட்டில் சும்மா நனைந்துகொண்டு நின்றான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் நின்றிருப்பான். அப்புறம் அவன் கண் கீழே போனது. மெஷினைச் சுற்றி வெட்டி விழுந்த தாள் சுருள்கள். அதற்கு நடுவே ஒரு நீலக் கட்டம் போட்ட துணித் துண்டு, ரெண்டு விரல் அகலம், ஓரத்தில் ஒரு பட்டனோடு. மச்சினனின் சட்டையைப் பார்த்தான். அதன் வலது கை நுனி நேர்கோடாக, தாள் மாதிரியே சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"இது என்னடா?"

"அதுவா? காலையில கொஞ்சம் அசந்துட்டேன். பழைய சட்டைதான் மாமா, அக்கா தைச்சது."

ஈயம் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினான். மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. மூடியைத் திறந்து, சாக்கெட்டிலிருந்து ஐசியை நகத்தால் நெம்பி எடுத்துச் சலவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"தப்பாப் போட்டுட்டேன். மாத்தணும்."

"எது தப்பு? இவ்வளவு நாள்ல நீங்க உருப்படியாச் செஞ்சதே இது ஒண்ணுதான்!"

நேற்று அவன் மெஷின் மேலேயே விட்டுப்போன தன் சீட்டை முதலாளியம்மா எடுத்துப் படித்துப் பார்த்தாள். "நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்? ரெண்டு பட்டனும் அமுக்கலன்னா இறங்கக் கூடாது."

சீட்டு மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நல்ல வாய்ப்பு. பட்டறை முதலாளி அதைத்தான் செய்திருப்பார். ஈயத்துக்கும் நாக்கு நுனி வரை வந்தது.

"எழுதினதுல ரெண்டு அர்த்தம் இருக்குங்க. அதை நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. நேத்து நாலு தடவை சோதிச்சிருக்கணும். ரெண்டு தடவையோட எழுந்துட்டேன். தப்பு என்னுது."

மச்சினன் விடவில்லை. "பதினெட்டு வருஷமா வெட்டுறவன்யா நான்! கையை எடுக்க எனக்குத் தெரியாதா?"

ஈயம் குனிந்து அந்தத் துணித் துண்டை எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்துப் பிடித்தான். வெட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி படுக்கிற இடம்தான் இருந்தது. "இது எந்தக் கையோடது? உங்கக்காகிட்ட நான் என்ன கொண்டுபோய்க் குடுக்கணும், இந்தப் பட்டனையா?"

மச்சினன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். அப்போதும் கண்ணில் கோபம் போகவில்லை.

ஈயம் பட்டறைக்குப் போய் வந்தான். ஆண்டு ஐசிக்கும் ஆறு ஐசிக்கும் கால்கள் ஒரே வரிசை, ஒரே இடம். ஒன்றைப் பிடுங்கி அதே சாக்கெட்டில் இன்னொன்றைச் செருகினால் போதும், ஒரு நிமிஷ வேலை. இந்தத் தடவை சீட்டுக்குப் பின்பக்கம் நாலு கோடு போட்டு, பேனாவை மச்சினன் கையில் கொடுத்தான்.

"தொடாம பாரு."

இறங்கவில்லை.

"இடது."

இறங்கவில்லை. மச்சினன் முகம் சுண்டியது.

"வலது."

இறங்கவில்லை.

"ரெண்டும்."

கத்தி தட்டென்று இறங்கியது. நாலு கோட்டிலும் மச்சினன் டிக் போட்டான், பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி. பிறகு மெதுவாக அலமாரிப் பக்கம் திரும்பினான். பார்சல் ஒட்டுகிற டேப் ஒரு சுருள் அங்கே இருந்தது. அதை அவன் பார்த்ததை ஈயமும் பார்த்தான்.

"ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டா மாமா?" என்றான் மச்சினன், சும்மா கேட்கிற மாதிரி.

ஈயம் கிளம்புவதற்காகத் தூக்கிய பையை மறுபடி கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தான். போனில் சம்சாரத்திடம், "உன் தம்பிக்குப் பத்து விரலும் இருக்கு, வீட்டை நாளைக்குப் பார்ப்போம், வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடு" என்றான். சூட்டுக்கோலைச் செருகினான்.

ரெண்டு மணி நேரம் ஆனது. நாரு கேட் ரெண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினால் அதற்கு ஞாபகம் வந்துவிடும். கத்தி ஒரு தடவை இறங்கியதை அது மறக்காது, அடுத்த வெட்டுக்கு விடாது. எப்போது மறக்கும் என்றால், மூன்றாவது நாரு ஒன்று வந்து சொல்ல வேண்டும்: இந்தப் பட்டனும் அமுங்கவில்லை, அந்தப் பட்டனும் அமுங்கவில்லை, ரெண்டும் சும்மா இருக்கிறது என்று. அவன் சீட்டில் தப்பாகப் படித்த அதே அர்த்தம். இந்த இடத்துக்கு அதுதான் சரியான அர்த்தம்.

"ஒட்டிக்க" என்றான் ஈயம்.

மச்சினன் வலது பட்டனில் டேப்பை அழுத்தி ஒட்டினான். இடது கையால் அமுக்கினான். கத்தி இறங்கியது. "ஹா!" என்று மறுபடி அமுக்கினான். கத்தி அசையவில்லை; டேப் ஒட்டின பட்டன் இன்னும் அமுங்கியே இருந்தது. மறுபடி அமுக்கினான். குத்தினான். மெஷின் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

மச்சினன் டேப்பைப் பிய்த்து உருட்டி எறிந்தான். தாள் கட்டை ரெண்டு கையாலும் தட்டி நேராக்கினான்.

"எங்கக்கா உங்ககூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ" என்று சொல்லிவிட்டு, ரெண்டு கையையும் ரெண்டு பட்டன் மேல் வைத்து அமுக்கினான்.